மிஸ்கோல்

ஐந்தே கால்.
பண்ணைக் கடலில் இன்னும் நிறம் விழவில்லை.
கோட்டைச் சுவரோரம் பதின்மூன்று பேர்
கைகளை அகல விரித்து நிற்கிறோம்,
ஏதோ பெரிய சாமானொன்றின்
அளவைக் காட்டுகிறவர்கள்போல.

எண்ணுவது அருளம்பலம்.
இ.போ.ச. பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கொண்டக்டர்.
எட்டு வந்ததும் பழக்கத்தில்
"உள்ளுக்கை போங்கோ" என்பார்.
நாங்களும் ஓர் அடி உள்ளே போவோம்.

இடுப்பைச் சுழற்றும்போதுதான் கதை வரும்.
ஹனீபாவின் புதுப் பல்செட்டு,
திரேசம்மாவின் மருமகன் கடனுக்கு எடுத்த வள்ளம்,
இன்சுலினை வயிற்றில் எந்தப் பக்கம் குத்துவது.
முழங்கால் நோவை ஒருவர் சொன்னால்
மற்றவர் விட்டுக்கொடுப்பதில்லை:
"உங்களுக்கு ஒண்டுதானே, எனக்கு ரண்டும்."

நான் வந்தது டொக்டர் அனுப்பி.
நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவன்.
ஆட்களோடு நிற்பதிலும்
அளவுச் சங்கிலியோடு நிற்பது எனக்குச் சுகம்.
முதல் மாதம் ஓரமாய் நின்றோம்
நானும் ஒரு தெருநாயும்.
நாய் எனக்கு முதல் சேர்ந்துகொண்டது.

இங்கே ஒரு சட்டம் உண்டு, எழுதி வைக்காதது.
வர ஏலாதென்றால் ஐந்து மணிக்குள்
பத்மாசனிக்கு மிஸ்கோல்.
ஒரு தரம் அடித்தால்: இருக்கிறன், வரேல்லை.
இரண்டு தரம்: வாங்கோ.
காசும் செலவில்லை, சொல்லும் செலவில்லை.

என் மனைவி தவறிய பிறகு
நாற்பது நாள் நான் ஒரு தரமே அடித்தேன்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
நாற்பத்தோராம் நாள் போய் நின்றபோது
"கொஞ்சம் தள்ளுங்கோ, கை படுகுது"
என்றார் திரேசம்மா.
அவ்வளவுதான்.

போன செவ்வாய் பத்மாசனியே வரவில்லை.
மிஸ்கோல் வாங்குகிறவர் வராவிட்டால்
யார் யாருக்கு அடிப்பது?
சட்டத்தில் அது இல்லை.
அருளம்பலம் ஆறோடு எண்ணுவதை விட்டார்.
ஹனீபா போன் எடுத்தார்.
தொடர்பு இல்லையென்று ஒரு பெண்
மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னாள்.

போனோம்.
நாலு சைக்கிள், இரண்டு ஓட்டோ, பின்னால் நாய்.
கொட்டடி ஒழுங்கையில் கேற் பூட்டியிருந்தது.
தட்டினோம், கூப்பிட்டோம்.
பிறகு எல்லோரும் ஒரேயடியாய் வாயடைத்துப்போன
அந்தக் கொஞ்ச நேரத்தில்
என் இடது கையை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.
யாரென்று நான் பார்க்கவில்லை.

கதவு திறந்தது.
விரித்த தலை, வாயில் பற்பசை நுரை.
"ராவெல்லாம் கரண்ட் இல்லை, போன் செத்துப்போச்சு.
அலாரமும் அதுக்குள்ளைதானே."
எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தார்.
"என்ன, பெட்டி கொண்டுவரேல்லையோ?"

திரேசம்மா திட்டினார்.
திட்டியபடியே மதிலில் சாய்ந்து அழுதார்.
அழுதபடியே "தேத்தண்ணி போடு" என்றார்.
கோப்பை ஏழுதான் இருந்தது.
மிச்சப் பேர் செம்பிலும் போத்தல் மூடியிலும் குடித்தோம்.
சீனி எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கூடாது.
எல்லோருக்கும் போட்டிருந்தார்.

"ஆறிலை விட்டனாங்கள்" என்றார் அருளம்பலம்.
கிணற்றடியில், உடுப்புக் கொடிக்குக் கீழே,
ஏழிலிருந்து தொடங்கினோம்.
ஈரச் சீலையொன்று ஹனீபாவின் முகத்தில் விழுந்தது.
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த நாள் நாலு ஐம்பதுக்கு
என் போன் ஒரு தரம் அடித்து நின்றது.
திரையில்: தவறிய அழைப்பு, பத்மாசனி.
சரி, இன்றைக்கு வரமாட்டார் என்று
சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனால்
எனக்கு முன்னே வந்து நாய்க்கு
பிஸ்கற் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாறதெண்டால் பின்னை ஏன் அடிச்சனீங்கள்?"

"சும்மா" என்றார்,
"இருக்கிறனெண்டு."